நூறு பூ சேரட்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பக்கச் சுவரருகே இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் மனைவி.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த சகலை, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏட்டையா. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் மனைவி.

அவர்கள் வீட்டு வெள்ளை நாய்.

நாயைச் சேர்த்து ஆறு பேர். சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அதுதான் சாட்சி.

நான் ராஜபாளையத்தில் தறி ஓட்டுகிறவன். எங்கள் தறியில் ஓடுவது பேண்டேஜ் துணி. காயத்துக்குச் சுற்றுகிற துணி, சல்லடைபோல இருக்கும். தறியிலிருந்து இறங்கும்போது பழுப்பாக இருக்கும். சலவைப் பட்டறையில் மருந்து போட்டு வெளுப்பார்கள். என் மனைவி அந்தப் பட்டறையில் நான்கு வருடம் ஈரத்துணி அலசினாள். அதில் கை போயிற்று.

விரல் ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது கையை மறைத்தாள். பிடித்து எண்ணினேன். இரண்டு கையிலும் சேர்த்துப் பதினேழு வெடிப்பு. ரசம் ஊற்றிப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். ரொம்ப நாளாக என்றாள். எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட்ட எனக்கு அது தெரியவில்லை.

சொல்லிக் கேட்டு மடிப்பு வேலைக்கு மாற்றினார்கள். வெளுத்த துணியை வெட்டி மடித்து அடுக்குகிற வேலை. உட்கார்ந்த இடம், தண்ணீர் கிடையாது. ஆனால் துணி வெள்ளை. வெடிப்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் பட்டால் அந்தத் துண்டு கழிவு. மடிப்பில் பட்டால் கீழே நாலு துண்டுக்கும் இறங்கிவிடும்.

கார்த்திகை கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“யக்கா, காயத்துக்குக் கட்டுற துணியில நீயே காயத்தை வச்சு அனுப்புதியே. தை முடியுற வரைக்கும் வீட்டுல இரு. கை ஆறுனா வா. ஆறலேன்னா நான் வேற ஆளைப் போட்டுக்கிடுவேன். பொறவு வருத்தப்படக்கூடாது.”

அவர்மேல் தப்பில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு உலை வைத்தாள். அந்த வேலையை விட்டால் அவளுக்கு மறுபடியும் சலவைப் பட்டறைதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அரசு ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், கை காயவிடாமல் எண்ணெய்ப் பசையோடு வைத்துக்கொள் என்றார் டாக்டரம்மா. வீட்டு வேலையில் தண்ணீர் படாமல் எப்படி? பாத்திரம் நான் கழுவினேன். விடியுமுன் பின்பக்கம் வைத்துக் கழுவிவிடுவேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இனி விதைக்கு வருகிறேன். அது இதற்கெல்லாம் முன்பே, ஐப்பசியில் வந்தது.

சகலைக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம். பெரிய வீடுகளில் தோட்ட வேலை. ஒரு நாள் வந்தவர் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, இது காலெண்டுலா. குளிர்காலத்துப் பூ. நான் வேலை பாக்குற வீட்டம்மா இதை எண்ணெயில ஊறப்போட்டு மெழுகு சேத்துக் கைக்குத் தடவுதாவ. மதினி கைக்கு ஆகும்.”

பிரித்தேன். விதை மாதிரியே இல்லை. காய்ந்த புழு சுருண்டு கிடப்பதுபோல முள்ளும் வளைவுமாக இருந்தது.

“இது வெதையா?”

“வெதைதான்.”

“கடையில வாங்குனதா?”

“காய்ஞ்ச பூவுல இருந்து எடுத்தது.”

“கேட்டு எடுத்தியா?”

“கேட்டுத்தான் அண்ணாச்சி எடுத்தேன். வெதைக்குமா ரசீது காட்டணும்?”

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. பல வருடம் முன்பு இதே ஆள் ஒரு மாங்கன்று கொண்டுவந்தார். சப்பட்டை மாங்காய், ராஜபாளையத்துக்காரனுக்கே ராஜபாளையத்து மாங்கன்று கொண்டாந்திருக்கேன் என்று பெருமை பேசினார். ஆறு வருடம் தண்ணீர் ஊற்றினேன். ஏழாவது வருடம் காய்த்தது. நாரும் புளிப்பும். ஊறுகாய்க்குக்கூடச் சேரவில்லை. கேட்டதற்கு மண் சரியில்லை என்றார். அந்த மரம் இன்னும் நிற்கிறது. அவர் வரும்போதெல்லாம் அதன் கீழேதான் நாற்காலி போடுவேன்.

ஆனாலும் விதையைப் போட்டேன். மனைவியின் கை இருக்கிறதே.

இரண்டு வரிசை. ஒன்று ஏட்டையா வீட்டுச் சுவரோரம். இன்னொன்று வாசல் பக்கம், நான் கட்டில் போடும் இடத்துக்கு எதிரே. வரிசைக்குப் பன்னிரண்டு செடி நின்றது. இலையைத் தொட்டால் கையில் பிசுக்கென்று ஒட்டும். ஒரு மாதிரி வாடை. ஆடு ஒன்று உள்ளே புகுந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆடே வேண்டாம் என்கிற செடி என்ன செடி என்று நினைத்தேன்.

மார்கழி பிறந்ததும் பூத்தது. செவ்வந்தியும் இல்லை, செண்டுப்பூவும் இல்லை. செவ்வந்தியைவிட இதழ் நீளம், செண்டைவிட இதழ் குறைவு. நல்ல ஆரஞ்சு நிறம். அந்த விஷயத்தில் சகலை பொய் சொல்லவில்லை.

முதலில் பூத்தது ஒன்பது. மனைவி அப்படியே பறித்துத் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் போட்டு மூடினாள். எட்டாம் நாள் பார்த்தால் மேலே வெள்ளையாகப் பூசணம். திறந்தேன். கெட்ட வாடை. சகலைக்குப் போன் போட்டேன்.

“ஒன் மாமரத்துக்குத் தம்பிதான் இதுவும்” என்றேன்.

அவர் சிரித்தார். “பச்சையாவா போட்டீங்க? இதழை மட்டும் உருவி நிழல்ல காய வைக்கணும் அண்ணாச்சி. சருகாட்டம் ஆகணும். ஈரம் இருந்தா கெட்டுத்தான் போகும். ஒரு பாட்டிலுக்கு நூறு பூவாவது வேணும், பாத்துக்கோங்க.”

நூறு பூ. அதை நான் பிடித்துக்கொண்டேன்.

தறிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றும்போது எல்லா இழையும் ஏற வேண்டும். ஓர் இழை குறைந்தாலும் தறியை ஓடவிட மாட்டோம். முழுதும் ஏறிய பிறகுதான் குறுக்கு நூல் போகும். பாதிப் பாவில் ஒரு முழம் நெய்வோம், மீதியை நாளைக்கு ஏற்றுவோம் என்பது கிடையாது. அதனால் நூறு என்றால் நூறும் ஒரே நாளில் செடியில் நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். வேறு விதமாக எடுத்துக்கொள்ள முடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

“ஏட்டி, இனிமே ஒருத்தரும் பூவுல கை வைக்கக்கூடாது. நூறு சேரட்டும். சேந்ததும் அவனையே வரச்சொல்லி அவன் கையாலயே செய்யச் சொல்லுவோம். கெட்டா அவன் பொறுப்பு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் என்று இருபத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தறியிலிருந்து வந்ததும் எண்ணுவேன். எண்ணிக்கையைக் குளியலறை வெளிச்சுவரில் கரித்துண்டால் எழுதுவேன். பத்தொன்பது. இருபத்திரண்டு. அடுத்த நாள் பதினேழு. அதற்கடுத்த நாள் பதினைந்து.

பூ கூட வேண்டும், குறையக் கூடாது. காம்பைப் பார்த்தேன். கிள்ளியிருந்தது. சுவரோர வரிசையில் மட்டும்.

அன்றையிலிருந்து எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. பூ போவதைவிட, நான் இல்லாத நேரத்தில் என் வாசலில் யாரோ நடமாடுகிறார்கள் என்பது உறுத்தியது.

மார்கழி மாதம். விடியுமுன் கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் மஞ்சப்பையும் கொக்கி கட்டிய கம்புமாகப் போவார்கள். சுவருக்கு வெளியே தலை நீட்டிய அரளி, நந்தியாவட்டை ஒன்றும் தப்பாது. கேட்டால் சாமிக்கு என்பார்கள். அதற்குமேல் யாரும் பேச முடியாது. பூத்திருட்டு எங்கள் ஊரில் விடியற்காலை வேலை. ஆகவே நாலரைக்கே எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

முதல் நாளே டார்ச் அடித்துப் பார்த்தவன் கத்திவிட்டேன். ஒரு பூகூட இல்லை. மனைவி ஓடி வந்தாள்.

“என்ன, பாம்பா?”

“பூவைக் காணோம். அம்புட்டையும் கொண்டுட்டுப் போயிட்டான்.”

குனிந்து பார்த்தாள். “மூடிக்கிடக்கு. இது இருட்டுனதும் மூடிக்கிட்டு வெயில் வந்த பொறவு விரியுற பூ. தெருவை எழுப்பாதீங்க.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பகல்ல வீட்டுல இருக்கிறது யாரு?”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நியாயம்தான். இருந்தாலும் இவள் எதற்கு அதை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாள் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நினைப்பை நான் பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. வெளியாளையே தேடினேன்.

பத்து நாள் காவல் இருந்தேன். கம்போடு இரண்டு பெண்கள் போனார்கள், என்னைப் பார்த்துவிட்டு வேகமாகப் போனார்கள். ஒருவரும் சுவரைத் தொடவில்லை. ஆனாலும் சாயங்காலக் கணக்கு குறைந்தது. ஆக, பகலில் நடக்கிறது. நான் எட்டு மணிக்குத் தறிக்குப் போய்விடுவேன்.

“பகல்ல யாரும் உள்ள வந்தாவளா?” என்று அவளிடம் கேட்டேன்.

“ஒருத்தரும் வரல.”

அது பொய் இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

தறியிலிருந்து நூல் கொண்டுவந்து சுவரோர வரிசைக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் கட்டினேன். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல். உள்ளே யார் வந்தாலும் அறும். சாயங்காலம் வந்து பார்த்தேன். நூல் இருக்கிறது. நடுவில் ஒரு முடிச்சும் இருக்கிறது. பூ ஆறு குறைகிறது. முடிச்சு நான் கட்டும்போதே விழுந்ததாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது தறிக்காரர் போடுகிற முடிச்சு. சின்னதாக, தட்டையாக, விரலில் தட்டாது. பழகாத கைக்கு வராது. அதை நின்று யோசித்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

நான் யோசித்தது வேறு. நூல் அறவில்லை என்றால் வாசல் வழியாக வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டினால் எட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூ குறைவதில்லை. நான் வீட்டில் இருக்கும் நாளைத் தெரிந்து வைத்திருக்கிற ஆள். நாள் முழுக்க வேலை இல்லாத ஆள்.

ஏட்டையா பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. என் மகன் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறிய மனிதர். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் பழைய நல்லது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. அவர் இருமினால் எனக்கு அர்த்தம் இருந்தது. ஒரு நாள் சைக்கிளை நிறுத்தும்போது கேட்டார்.

“என்னடே, நூறு ஆச்சா?”

நூறு என்பது எனக்கும் மனைவிக்கும் சகலைக்கும் மட்டும் தெரிந்த எண். இவருக்கு எப்படித் தெரியும்?

“எதைக் கேக்கீங்க?” என்றேன்.

“ஒன் பூவைத்தான்.”

“ஆகும்” என்றேன். சைக்கிளைப் பூட்டினேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று இப்போது தெரிகிறது.

தையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அவர்கள் நாய் தெருவில் என் காலை உரசிக்கொண்டு போனது. வெள்ளை நாய். முதுகில் ஏதோ ஆரஞ்சு நிறமாக ஒட்டியிருந்தது. எடுத்தேன். இதழ். சுருங்கிக் காய்ந்த இதழ். ஊரில் வேறு எங்கேயும் இல்லாத பூவின் இதழ்.

தீப்பெட்டியில் போட்டு மூடினேன். சகலைக்குப் போன் போட்டேன்.

“நாளைக்குக் காலையில வா. ஆளைப் பிடிச்சிட்டேன். கூட நிக்க ஆள் வேணும்.”

போனுக்கு அந்தப் பக்கம் யாரிடமோ மெதுவாகப் பேசுவது கேட்டது. பிறகு, “வாரேன் அண்ணாச்சி. மெழுகும் கொண்டாரேன்” என்றார்.

“மெழுகு எதுக்கு? பூவே இல்லேங்கேன்.”

“இருக்கட்டும்.”

தை முடியப் பதினைந்து நாள் இருந்தது. சுவரில் நான் எழுதியிருந்த எண் இருபத்து நாலைத் தாண்டவே இல்லை. அன்றைக்கு அவள் கையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் களிம்பில் வீக்கம் வடிந்திருந்தது. வெடிப்பு பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதலில் சொன்ன ஆறு பேரும் சுவரருகே நின்றோம். சகலை கையில் துணிப்பை. நான் தீப்பெட்டியைச் சுவர்மேல் வைத்துத் திறந்தேன்.

“ஏட்டையா, இது என்னன்னு பாருங்க.”

கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தார். “பூவெதழு.”

“ஒங்க நாய் முதுகுல இருந்துச்சு.”

“சரி.”

“ஒங்க நாய் எங்க வீட்டுக்குள்ள வந்ததுண்டா?”

“அதுக்குப் படியேறவே மூச்சு வாங்குது. சுவரா ஏறப்போகுது?”

“அப்ப எதழு எப்படி அங்க வந்துச்சு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏலே, முப்பத்திரண்டு வருசமா இதே மாதிரிக் கேள்வியை நான் அடுத்தவன்கிட்டக் கேட்டவன். இப்ப எம்மேலயே கேசா? எப்.ஐ.ஆரு போட்டாச்சா, இனிமேதானா?”

“வெளையாடாதீங்க. நான் தெனமும் எண்ணி எழுதி வச்சிருக்கேன்.”

“தெரியும்டே. கரிக்கட்டிக் கணக்கு மாடியில நின்னாலே தெரியுது. விடியக்காலம் நீ பாத்திரம் வெளக்குறதும் தெரியுது.”

எனக்கு முகம் சுட்டது. அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. என் மனைவியைப் பார்த்து, “செப்பு வதினா” என்றார். சொல்லு என்கிறார். அந்த அளவுக்கு எனக்கும் புரியும்.

“என்ன சொல்லணும்? யாரு சொல்லணும்?” என்று கேட்டேன்.

சகலை மாமரத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மரத்தை அவராகப் பார்த்தார்.

“நாந்தான் பறிச்சேன்” என்றாள் என் மனைவி.

தீப்பெட்டியை எடுத்து மூடினேன்.

“பதினோரு மணிக்குப் பறிப்பேன். பனி நல்லாக் காஞ்ச பொறவு, முழுசா விரிஞ்சதை மட்டும். இதழை உருவி ஏட்டையா வீட்டு மதினிகிட்டச் சுவருக்கு மேல குடுத்துருவேன். நம்ம வீட்டுல தகரம், கொதிக்கும். அவிய வீட்டு மச்சுல நிழலும் காத்தும் இருக்கு.”

“நூலு?”

“கால் பட்டு அறுந்துச்சு. நீங்க சொல்லிக்குடுத்த முடிச்சைத்தான் போட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அப்போதுதான் அவள் சத்தம் உயர்ந்தது. “சொன்னா விட்டிருப்பீங்களா? நூறு சேரட்டும், நூறு சேரட்டும்னு கட்டில்ல ஒக்காந்திருந்தீங்க. நூறு சேருற வரைக்கும் தை நிக்குமா?”

நாய் உட்கார்ந்து காதைச் சொறிந்தது.

ஏட்டையா வீட்டு மாடிக்குப் போனோம். சின்ன அறை. ஜன்னலோரம் அரிசி புடைக்கிற சுளகு மூன்று. மேலே பேண்டேஜ் துணி போட்டு மூடியிருந்தது. துணியைத் தூக்கினேன். காய்ந்த இதழ். கையில் எடுத்தால் சருகுபோலச் சத்தம் கேட்டது. சுளகுக்குக் கீழே சாக்கு விரித்திருந்தது, அது நாய் படுக்கும் இடம். ஜன்னல் திட்டில் ஒரு பாட்டில். தேங்காய் எண்ணெய். மூன்று வாரமாக வெயில் பட்டு ஆரஞ்சு நிறமாகியிருந்தது. திறந்து முகர்ந்தேன். கெட்ட வாடை இல்லை. இன்னொரு தடவை முகர்ந்தேன். இல்லை.

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“தங்கச்சிதான் போன்ல சொன்னா.”

சகலையைத் திரும்பிப் பார்த்தேன். “அப்ப ஒனக்கும் தெரியும்.”

“மதினி சொல்லக்கூடாதுன்னாவ அண்ணாச்சி. நான் என்ன செய்ய?”

ஆக எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஏதோ நடக்கிறது என்று நான் சந்தேகப்பட்டது சரி. ஆள்தான் தப்பு.

கீழே வந்ததும் சகலை இரண்டு வரிசையையும் காட்டினார். சுவரோர வரிசை புதராக நின்றது. பூவுக்குப் பக்கத்தில் மொட்டு, மொட்டுக்குக் கீழே மொட்டு. என் கட்டிலுக்கு எதிரே இருந்த வரிசையில், ஒருவர் கையும் படாமல் நான் காத்த வரிசையில், பாதித் தலை பச்சையாகச் சுருண்டு விதை பிடித்திருந்தது. மொட்டு அங்கொன்று இங்கொன்று.

“பறிக்கப் பறிக்கத்தான் அண்ணாச்சி இது பூக்கும். விட்டுட்டீங்கன்னா வெதைக்குப் போயிரும். வேலை முடிஞ்சதுன்னு செடி நின்னுக்கிடும். நூறு ஒண்ணா எப்படி நிக்கும்?”

மொட்டுகளை எண்ணினேன். சுவரோரம் முப்பத்தெட்டு. என் பக்கம் ஏழு.

“அந்தப் பக்கம் தண்ணி கூடப் பாஞ்சிருக்கும்” என்றேன். ஏட்டையா இருமினார்.

அன்றைக்கே செய்தோம். சகலை கொண்டுவந்த தேன்மெழுகு செண்பகத்தோப்பு மலைப் பக்கம் தேன் எடுக்கிற ஒருவரிடம் வாங்கியதாம். ஒரு துண்டை உடைத்து முகர்ந்தேன். தேன் வாடை இருந்தது. மெழுகுவத்தியை உருக்கிக் கொடுத்திருப்பார்களோ என்று இன்னொரு துண்டையும் உடைத்தேன். அதிலும் இருந்தது.

எண்ணெயை வடிகட்டத் துணி வேண்டும் என்றார். மனைவி பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்தாள். மடிப்பு வேலையில் கழித்துப் போட்ட துண்டு. ஓரத்தில் பழுப்பாக ஒரு பொட்டு. துவைத்தும் போகாத பொட்டு. அது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அதில்தான் வடிகட்டினோம்.

அடுப்பில் தண்ணீர்ச் சட்டி. அதற்குள் சின்னப் பாத்திரம். நாலு கரண்டி எண்ணெய்க்கு ஒரு கரண்டி மெழுகு. உருகியதும் ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறவைத்து விரலால் தொட்டுப் பார்த்தார் சகலை. சரியாக உறைந்தது. பால்கோவா வந்த சின்ன டப்பாவைக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்து, அதில் ஊற்றினோம்.

அவள் விரலை நீட்டினாள். தடுத்தேன்.

“இரு. முதல்ல நான்.”

என் முழங்கைக்கு உள்பக்கம் தடவினேன். இரண்டு நாள் பார்த்தேன். அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை. மூன்றாம் நாள் டப்பாவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் டாக்டரம்மாவிடம் காட்டினோம். எரிச்சல் வந்தால் நிறுத்திவிடு, எங்கள் களிம்பை மட்டும் விடாதே என்றார். அதற்குப் பிறகுதான் தடவ விட்டேன். களிம்பு போட்டு, அது காய்ந்ததும் இது. தண்ணீர் வேலை முழுதும் எனக்கு. இனி மறைத்து என்ன? வாசலிலேயே வைத்துக் கழுவினேன்.

திங்கட்கிழமை காலை நாய்க்கு இரண்டு பிஸ்கட் போட்டேன். ஏட்டையா பேப்பரை இறக்கினார்.

“சாட்சியைக் கலைக்காதடே” என்றார்.

அவரிடம் நான் சொன்ன மன்னிப்பு அந்த இரண்டு பிஸ்கட்தான். அவருக்கும் அது போதும் போலிருந்தது. அன்றைக்கே நாற்காலியைச் சுவருக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நானே பறித்தேன். என் வரிசையில் விதை பிடித்த தலைகளைக் கிள்ளிப் போட்டேன். பத்து நாளில் அதிலும் மொட்டு வந்தது. தண்ணீர் அதே தண்ணீர்தான். சுவரில் கரிக் கணக்கை அழிக்கவில்லை. புதிதாக எழுதவும் இல்லை.

மாசி பிறந்தது. அவள் வேலைக்குப் போனாள். அன்று தறியில் எனக்கு இரண்டு தடவை இழை அறுந்தது. சாயங்காலம் அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன்.

வந்தாள். பையை மாட்டினாள்.

“என்ன சொன்னாரு?”

“கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பொறவு மடிப்புல ஒக்காருன்னாரு.”

“துணியில?”

“ஒண்ணும் படல.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

பூவால் ஆறியதா, ஆஸ்பத்திரி மருந்தால் ஆறியதா, தண்ணீரைத் தொடாமல் இருந்ததால் ஆறியதா, எனக்குத் தெரியாது. சகலை பூ என்கிறார். மாமரத்துக்கும் அவர் ஒன்று சொன்னவர்தான். இவள் ஒன்றும் படவில்லை என்கிறாள். இவளும் ஒரு மாதம் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லாமலே பூப் பறித்தவள்தான்.

“கையைக் காட்டு” என்றேன்.

சிரித்துக்கொண்டே நீட்டினாள். வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து விரல் விரலாகப் பிடித்து, இரண்டு கையிலும் வெடிப்பை எண்ணினேன்.

இரண்டு.